ஆற்றங்கரை முகாம் காலி

பெர்மிட் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேரிடம் பேனா இருக்காது. மூன்று நாள் காட்டுக்குள் தங்கப் போகிறவர்கள், முதுகில் வீட்டையே கட்டித் தூக்கிக்கொண்டு வருவார்கள்; கூடாரம், அடுப்பு, கயிறு, காலுக்கு மூன்று ஜோடி உறை எல்லாம் இருக்கும். படிவத்தை நீட்டினால் சட்டைப் பையைத் தடவுவார்கள். அதற்காகவே ஜன்னலில் நூல் கட்டி ஒரு பேனா தொங்கவிட்டிருந்தேன். இருபத்தாறு வருஷத்தில் எத்தனை பேனா மாற்றியிருப்பேன் என்று கணக்கில்லை.

நீங்கள் நிதானமாகச் சொல்லச் சொன்னீர்கள் ஐயா. எனக்கு நிதானமாகத்தான் சொல்லவும் தெரியும். இந்த வேலையில் அவசரப்பட்டால் ஆள் போய்விடும்.

முதலில் ஒரு விஷயம். நேற்று உங்கள் உதவியாளர், "மாப்பிள்ளைங்கறதால சலுகை காட்டி பெர்மிட் கொடுத்தீங்களா?" என்று கேட்டார். அது எனக்கு வருத்தமாக இருந்தது. யாருக்கும் நான் சலுகை காட்டியதில்லை. மாப்பிள்ளை மற்றவர்களைப் போல வரிசையில் நின்றார். டோக்கன் எண் நான்கு. பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

இரவில் இந்தத் தேசியப் பூங்காவுக்குள் தங்க வேண்டுமென்றால் இன்ன முகாமில், இன்ன தேதியில், இத்தனை பேர் என்று எங்களிடம் எழுதி வாங்க வேண்டும். மூன்று முகாம்கள். உச்சி முகாம், ஏரி முகாம், ஆற்றங்கரை முகாம். ஒவ்வொன்றிலும் இத்தனை கூடாரம்தான் என்று வரம்பு உண்டு. உச்சியிலும் ஏரியிலும் பாதி இடங்கள் மாதக்கணக்கில் முன்பே குலுக்கலில் போய்விடும். மீதிப் பாதியையும் ஆற்றங்கரை முழுவதையும் தங்குவதற்கு முதல் நாள் காலை ஏழு மணிக்கு ஜன்னலில் கொடுப்போம். சீட்டு கையில் கிடைத்தால் போதாது. குழுவில் உள்ள அத்தனை பேரும் பக்கத்து அறையில் உட்கார்ந்து, கரடி வந்தால் என்ன செய்ய வேண்டும், சாப்பாட்டை எந்தப் பெட்டியில் பூட்ட வேண்டும், எந்த ஓடையில் எங்கே கால் வைக்க வேண்டும் என்று நான் சொல்வதைக் கேட்க வேண்டும். கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போடுவேன். ஒருமுறை ஒரு பெரிய மனிதர், "கரடி எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்டார். "அது எங்ககிட்ட பெர்மிட் வாங்கறதில்லைங்க" என்றேன். அறையே சிரித்தது. நானும் சிரிக்க வைப்பவன்தான் என்பது உங்களுக்குத் தெரியட்டும்.

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். குறை சொல்லும்படியான ஆள் இல்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவார். என் எதிரில் கால்மேல் கால் போட மாட்டார். மகளிடம் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. தூக்கம்தான் கொஞ்சம் அதிகம். எட்டு மணிக்கு முன்னால் கண் திறக்க மாட்டார். மகள் அவரைக் "கும்பகர்ணா" என்று கூப்பிட்டு எழுப்புவாள். வீட்டில் ஒருவர் அப்படித் தூங்குவது எனக்குப் புதிது. என் மனைவி போன பிறகு பதினெட்டு வருஷம் அந்த வீட்டில் நானும் குட்டிம்மாவும்தான். இருவரும் ஐந்தரைக்கு எழுந்துவிடுவோம். மகளுக்கு வேறு பெயர் இருக்கிறது. நான் கூப்பிடுவது குட்டிம்மா.

ஒன்பது வயதில் தாயை இழந்த பெண். தலை பின்ன எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். காய்ச்சல் வந்தால் அலுவலகத்தில் பெஞ்சில் படுக்க வைத்துக்கொண்டு வேலை பார்ப்பேன். மறுபடி கல்யாணம் செய்துகொள்ளச் சொன்னார்கள். அவளுக்காக வேண்டாம் என்றேன். இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. ஒரு மனிதன் ஒரு காரியத்தில் எவ்வளவு போட்டிருக்கிறான் என்று தெரிந்தால்தான் மற்றது உங்களுக்கு விளங்கும்.

பத்து நாள் விடுமுறையில் இருவரும் வந்திருந்தார்கள். மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகள்தான் பேச்சை எடுத்தாள்.

"அப்பா, அடுத்த மாசம் நாங்க வெளிநாடு போறோம். வேலை கெடச்சிருக்கு."

"எத்தனை நாளைக்கு?"

"நாள் இல்லப்பா. அங்கேயே இருக்கற மாதிரிதான்."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். "நீங்களும் வந்து எங்களோட இருக்கலாம் மாமா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. குற்றமுள்ள மனது அப்படித்தான் இருக்கும். என்னைக் கேட்காமல், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், டிக்கெட் வரை எடுத்தாகிவிட்டது. நான் கோபப்படவில்லை. "நல்லது" என்றேன். இன்னும் கொஞ்சம் சாதம் போட்டுக்கொண்டேன்.

அன்று மாலைதான் மாப்பிள்ளை பெர்மிட் பற்றிக் கேட்டார். போவதற்கு முன் ஒரு ராத்திரி காட்டில் தங்க வேண்டும் என்று ஆசையாம்.

"வியாழக்கிழமைக்கு ஏரி முகாம்ல இடம் கெடைக்குமா மாமா?"

"புதன்கிழமை காலைல ஏழு மணிக்கு ஜன்னல் தொறக்கும் மாப்பிள்ளை. வரிசைல நில்லுங்க."

சிரித்துவிட்டார். "இப்படித்தான் சொல்வீங்கன்னு அவ பந்தயமே கட்டினா. நான் தோத்துட்டேன்."

இது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு அணையிலிருந்து கடிதம் வந்தது.

பூங்காவின் எல்லைக்கு மேலே ஓர் அணை இருப்பது உங்களுக்குத் தெரியும். வருஷத்தில் நான்கைந்து தடவை மதகைத் திறப்பார்கள். திறந்த தண்ணீர் நாற்பது நிமிஷத்தில் ஆற்றங்கரை முகாமுக்கு வந்துவிடும். வரும்போது ஓடையாக வராது. சுவர் நகர்ந்து வருவது போல வரும். அதனால் ஓர் ஏற்பாடு உண்டு. முன்கூட்டி எங்களுக்குக் கடிதம் அனுப்புவார்கள். நான் வெள்ளைப் பலகையில் ஆற்றங்கரை முகாமுக்கு நேரே சிவப்புக் கோடு போடுவேன்; அந்தத் தேதிக்கு யாருக்கும் சீட்டு கிடையாது. முதல் நாள் மாலை அணைப் பொறியாளர் தொலைபேசியில் கேட்பார். "முகாம் காலி" என்று நான் சொன்ன பிறகுதான் திறப்பார்கள். திறக்கும் முன் இன்னொரு தடவையும் கேட்பார். இருபத்தாறு வருஷமாக அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லும் ஆள் நான்தான்.

கடிதத்தில் வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி என்று இருந்தது. படித்தேன். முத்திரை குத்தி, தேதி போட்டு, கோப்பில் வைக்காமல் மேஜை இழுப்பறையில் வைத்தேன். சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்தது ஞாபகம் இருக்கிறது. மூடியைத் திறந்தேன், மூடினேன். அந்த நேரத்தில் நான் எதையும் முடிவு செய்யவில்லை. நாளைக் காலையில் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். அதை நீங்கள் நம்ப வேண்டும் என்று அவசியம் இல்லை.

புதன்கிழமை காலை டோக்கன் எண் ஒன்று, உச்சி முகாம். இரண்டு, உச்சி முகாம். மூன்றாவதாக ஓர் இளம் தம்பதி ஆற்றங்கரை கேட்டார்கள். "அங்க இடமில்ல. உச்சிக்குப் போங்க, காத்து நல்லா இருக்கும்" என்று அனுப்பினேன். சம்பந்தமில்லாதவர்களுக்குத் தீங்கு வரக்கூடாது. நான்காவதாக மாப்பிள்ளை. தலை வாராமல், கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

"ஏரி முகாம் சார்" என்றார். ஜன்னலில் என்னை மாமா என்று கூப்பிடக்கூடாது என்று மகள் சொல்லி அனுப்பியிருப்பாள்.

"ஏரி நிறைஞ்சிருச்சு. ஆத்தங்கரைல இருக்கு. வேணுமா?"

"எதுவா இருந்தாலும் சரிங்க."

ஏரி முகாமில் அன்று இரண்டு இடம் இருந்தது. பதிவேட்டை எடுத்தால் உங்களுக்கே தெரியும், நான் அழிக்கவில்லை. படிவத்தில் 'குழுவில் எத்தனை பேர்' என்ற இடத்தில் அவர் இரண்டு என்று எழுதினார். நான் படிவத்தை முழுவதும் படிக்காமல் முத்திரை குத்துவதில்லை. எழுதியிருந்த இரண்டு பெயர்களையும் படித்தேன்.

இரண்டாவது பெயர் என் மகளுடையது.

இந்த இடத்தில் உங்கள் உதவியாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார். பரவாயில்லை, எழுதச் சொல்லுங்கள். நான் இதையும் யோசித்துத்தான் செய்தேன்.

பக்கத்து அறையில் இருவரும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அவள் சின்ன வயதில் அந்த அறையில் எத்தனையோ தடவை உட்கார்ந்து கேட்டவள். நான் சொல்லப்போகும் அடுத்த வரி அவளுக்குத் தெரியும். கரடி பற்றிய பகுதி வந்ததும் எனக்கு முன்னால் அவளே சொல்லிக் கணவனைச் சிரிக்க வைத்தாள். முடிந்ததும் உணவுப் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். மாப்பிள்ளை அதை வண்டிக்குத் தூக்கிக்கொண்டு போனார். அவளை மட்டும் நிறுத்தினேன்.

"வெள்ளிக்கிழமை காலைல ஆறரைக்குள்ள முகாமுக்குப் பின்னால இருக்கற மேட்டுக்குப் போயிடு. மான் கூட்டம் தண்ணி குடிக்க வரும். ஏழுக்கு மேல ஒண்ணையும் பாக்க முடியாது."

"அவர் எழுந்திரிக்கணுமேப்பா."

"அவர் தூங்கட்டும். நீ போ. மறக்காம போகணும்."

"சரிப்பா. ஏன் இப்படிப் பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல" என்றேன். தலையைத் தடவிக் கொடுத்தேன்.

கணக்கு எளிது. அவள் ஐந்தரைக்கு எழுகிறவள். அவர் எட்டு மணிக்கு. ஆறு மணிக்குத் திறக்கும் தண்ணீர் ஆறு நாற்பதுக்கு வரும். தகப்பன் சொன்ன சொல்லை அவள் தட்டியதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் வரை.

வியாழக்கிழமை காலையில் கிளம்பினார்கள். பதினொரு மணிக்கு எங்கள் ரோந்துக்காரர் வந்தார். ஆள் ஆறடிக்கு மேல் இருப்பார். நாங்கள் நெட்டை என்போம். நல்ல உழைப்பாளி. அவரை விசாரிக்க வேண்டாம். அவருக்கு எதுவும் தெரியாது.

"ஆத்துப் பக்கம் ஒரு நடை போயிட்டு வரட்டுமா சார்? நாலு நாளாச்சு."

"ஏரில குப்பை கெடக்குதுன்னு புகார் வந்திருக்கு. அங்க போங்க. ராத்திரி அங்கேயே தங்கிடுங்க."

"புகாரா? யார் சொன்னா?"

"யாரோ. போய்ப் பாருங்களேன்."

ஒரு கணம் நின்றார். பலகையைப் பார்த்தார். பலகையில் ஆற்றங்கரைக்கு நேரே நான் எதுவும் எழுதவில்லை. கோடும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். அவருடைய வண்டிச் சத்தம் வளைவு திரும்பும் வரை நான் ஜன்னலருகே நின்றேன்.

மாலை ஐந்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. அணைப் பொறியாளர் புதியவர், சின்ன வயது. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்கும் பழக்கம்.

"நாளைக்குக் காலைல ஆறு மணி சார். லெட்டர் கெடச்சுதுங்களா?"

"கெடச்சுது."

"ஆத்தங்கரை முகாம் காலிங்களா?"

"முகாம் காலி."

அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தவில்லை. அதன் பிறகு வீட்டுக்குப் போய், இருந்ததைச் சூடு பண்ணிச் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குப் படுத்தேன். தூங்கினேனா என்று கேட்டீர்கள். தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை ஐந்தேகாலுக்கு அலுவலகத்தைத் திறந்தேன். கெட்டிலில் தண்ணீர் வைத்தேன். அன்றைய டோக்கன்களை வரிசையாக அடுக்கினேன். நீங்கள் நினைக்கலாம், அந்த நேரத்தில் ஒரு மனிதன் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பான் என்று. நான் டோக்கன் பதினேழு காணவில்லை என்று தேடிக்கொண்டிருந்தேன். மேஜைக்கு அடியில் கிடந்தது. குனிந்து எடுக்கும்போது தொலைபேசி அடித்தது. ஐந்து ஐம்பத்திரண்டு.

"கடைசியா ஒருதடவ கேட்டுக்கறேன் சார். தப்பா நெனைக்காதீங்க. கீழ யாரும் இல்லையே?"

கையில் டோக்கன் இருந்தது. கெட்டில் கொதித்து நின்றது. அந்தப் பையன் மறுமுனையில் காத்திருந்தான். அவன் மூச்சு கேட்டது. ஒரு வார்த்தை போதும். "இருங்க, ஆள் இருக்கு" என்றால் அவன் நிறுத்திவிடுவான். யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை; மறந்துவிட்டேன் என்றால் ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்துவிடும். இத்தனையும் எனக்குத் தெரிந்திருந்தது.

"யாரும் இல்லை" என்றேன்.

ஆறு மணி. ஆறேகால். தேநீர் போட்டேன், குடிக்கவில்லை. ஆறரைக்கு ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் சேரத் தொடங்கினார்கள். ஆறு நாற்பதுக்கு நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். அங்கிருந்து ஆற்றின் சத்தம் கேட்காது. இருந்தும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஏழு மணிக்கு ஜன்னலைத் திறந்தேன். அன்று காலை பதினொரு பெர்மிட் கொடுத்தேன். ஒன்றில்கூட எழுத்துப் பிழை இல்லை. நீங்களே சரிபார்த்ததாகச் சொன்னீர்கள்.

ஒன்பதரைக்குச் செய்தி வந்தது. கீழே பாலத்துக்குப் பக்கத்தில் சாலை வேலை செய்கிறவர்கள் மகளைக் கண்டு தூக்கி வந்திருந்தார்கள். கை முறிந்திருந்தது. மாப்பிள்ளையை மறுநாள்தான் எடுத்தார்கள்.

நடந்தது என்ன என்று அவள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். ஆறு மணிக்கே அவரை உலுக்கி எழுப்பிவிட்டாள். "அப்பா சொல்லியிருக்காரு, வாங்க" என்று இழுத்துக்கொண்டு மேட்டுக்குப் போய்விட்டாள். அந்த வாரத்தில் இரண்டாவது தடவையாக அவர் சீக்கிரம் எழுந்தார். இருவரும் மேட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவளுக்குக் குளிர். "இரு, சால்வை எடுத்துட்டு வரேன்" என்று அவர் இறங்கிப் போயிருக்கிறார். அவள் மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். தண்ணீர் வளைவு திரும்பியபோது கத்தினாள், பிறகு அவளும் இறங்கி ஓடினாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அந்த அறையில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள்தான் என்னோடு பேசினாள். ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஆறரைக்கு மேட்டுல இருன்னு ஏன் சொன்னீங்க?"

"மான் வரும்னுதாம்மா."

"மான் வரல."

இன்னொரு சுளையை எடுத்துத் தட்டில் வைத்தேன்.

"உங்களக் கேக்காம தொறக்க மாட்டாங்க. சின்ன வயசுல நீங்கதான் சொன்னீங்க. எங்கப்பா சொன்னாத்தான் ஆறே ஓடும்னு நான் பள்ளிக்கூடத்துல பீத்திக்குவேன். உங்களக் கேட்டாங்களா இல்லையா?"

"கேட்டாங்க."

அவள் அழவில்லை. தட்டை நகர்த்தி வைத்தாள். "வேலை எனக்குக் கெடச்சதுப்பா. அவருக்கு இங்கேயே இருக்கணும்னுதான் ஆசை. நான் கெஞ்சினேன்னு எனக்காக வேலைய விட்டுட்டுக் கிளம்பினாரு" என்றாள்.

சாப்பாட்டு மேசையில் அன்று அவள் இதையும் சொன்னாள். "எனக்குத்தாம்பா கெடச்சிருக்கு" என்றாள். என் காதில் விழாமல் இல்லை. கணவனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பெண்கள் அப்படிப் பேசுவது வழக்கம்தானே.

பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, "இவர வெளிய போகச் சொல்லுங்க" என்றாள். இவர் என்றாள். அன்று மாலை உங்கள் ஆட்கள் வந்தார்கள். இழுப்பறையைத் திறந்து கடிதத்தை நானே எடுத்துக் கொடுத்தேன்.

கைக்கட்டைப் பிரித்ததும் அவள் விமானம் ஏறிவிட்டதாக நேற்று சொன்னீர்கள். தனியாகவே போய்விட்டாளாம். அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள். அவளுக்குக் குளிர் ஆகாது. முகவரி தந்தால் கம்பளி அனுப்பலாம். தரக்கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்றீர்கள். கோபம் இருக்கும்தான். ஆறும்.

கடைசியாக நீங்கள் கேட்ட கேள்விக்கு நேற்று பதில் சொல்லவில்லை. அவள் அன்று எழுந்திருக்கவில்லை என்றால், களைப்பில் தூங்கிப்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டீர்கள். அதை நான் யோசிக்கவே இல்லை என்று எழுதிக்கொண்டீர்கள். அதைத் திருத்திக்கொள்ளுங்கள் ஐயா. பொறியாளர் மறுமுனையில் காத்திருந்தபோது நான் யோசித்தது அது ஒன்றைத்தான். அப்படி நடந்தாலும் அவள் என்னை விட்டுப் போயிருக்க மாட்டாள் என்று தோன்றியது. அதன் பிறகுதான் யாரும் இல்லை என்று சொன்னேன்.